ஆல்ட்+2 எங்கே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய பெருஞ்சாலையை ஒட்டிய கடை வரிசையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். 17 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளின் ஃபோலியோ, தொழிலாளர் காப்புறுதிக்கான சொக்சோ பாரம் என்று நாள் முழுக்கத் தமிழும் மலாயும் மாறி மாறித் தட்டச்சு செய்கிற வேலை. தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் வேலை முடிந்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். "நிக்கிறேன்மா, முடிச்சுக் குடுத்துரு" என்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் கை மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் அலையக் கூடாது. போதாததற்கு நாலைந்து வருடமாக வலது மணிக்கட்டில் வலி வேறு. ஷார்ட்கட் விசைகளை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அதிலும் ஆல்ட்+2 என்றால் எனக்கு உயிர். வேர்டில் மேலே சின்னதாக ஒரு பட்டை இருக்கும், குயிக் அக்சஸ் டூல்பார். அதில் நமக்கு வேண்டிய பொத்தான்களை வரிசையாக வைத்துக்கொள்ளலாம். முதல் பொத்தானுக்கு ஆல்ட்+1, இரண்டாவதற்கு ஆல்ட்+2 என்று தானாகவே எண் கிடைத்துவிடும். இரண்டாவது இடத்தில் நான் வைத்திருப்பது, எழுத்தை மட்டும் ஒட்டுகிற கட்டளை. பத்திரிகைக்கான விவரங்களை எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். மணமகன் வீட்டார் ஒரு எழுத்துருவில், மாமன் வீட்டார் இன்னொன்றில், நடுவில் பூவும் இதயமும். அப்படியே ஒட்டினால் பத்திரிகை குலைந்துபோகும். ஆல்ட்+2 அழுத்தினால் எழுத்து மட்டும் வந்து என்னுடைய வடிவத்தில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு இரவு. மறுநாள் காலை ஈப்போவில் அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும், 500 பத்திரிகை. ஒட்டுவதற்கு ஆல்ட்+2 அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கணினியை மூடித் திறந்தேன். வேர்டைச் சரிசெய்யும் 'ரிப்பேர்' ஓடவிட்டேன், அது அரை மணி நேரத்தைத் தின்றது. கடைசியில் விசைப்பலகைதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, பக்கத்துக் கடையைத் திறக்கச் சொல்லி 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதிலும் அதே கதை. உறவினர் பெயர்கள் அத்தனையையும் மவுஸாலேயே ஒட்டி முடித்தபோது மணி இரண்டு. மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அந்த அவசரத்தில் பெரியப்பா ஒருவரின் பெயர் விட்டுப்போனதை அச்சகத்துக்குப் போன பிறகுதான் கவனித்தேன். பத்திரிகையில் பெயர் விடுபடுவது நம் வீடுகளில் என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, அச்சு ஓடவில்லை.

விஷயத்தைப் பிடித்தது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அத்தை, அந்த விசை வேர்டுக்கு வந்து சேருதான்னு பாத்தீங்களா?"

பார்க்க ஒரு இடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன். அங்கே கீழே 'கீபோர்ட் ஷார்ட்கட்ஸ்' என்று போட்டு ஒரு கஸ்டமைஸ் பொத்தான். அதைத் திறந்தால் புதிய ஷார்ட்கட்டை அழுத்திக் காட்டச் சொல்லி ஒரு வெற்றுப் பெட்டி வரும். புதிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டிக்குள் கர்சரை வைத்து, கோளாறான விசையை அழுத்திப் பார்த்தால் போதும். கண்ட்ரோல்+பி அழுத்தினேன். பெட்டியில் 'கண்ட்ரோல்+பி' என்று விழுந்தது, கீழே அது எந்தக் கட்டளைக்கு என்றும் காட்டியது. ஆல்ட்+1 அழுத்தினேன், விழுந்தது. ஆல்ட்+2 அழுத்தினேன். பெட்டி காலியாகவே இருந்தது. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப வேர்டு மேல தப்பில்லை அத்தை. வழியில யாரோ புடிச்சுக்கிறாங்க" என்றான். திரையின் வலது கீழ்மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மறைந்திருக்கும் சின்னங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். அங்கே நான் பார்த்தே இராத ஒரு தமிழ்த் தட்டச்சுச் செயலி உட்கார்ந்திருந்தது. கடையில் வேலைக்குச் சேர்ந்த பெண் திங்கட்கிழமை போட்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் 99 என்ற விசையமைப்புதான் பழக்கம், அதற்காகப் போட்டது. அந்தச் செயலியில் தமிழுக்கு மாறுகிற விசை ஆல்ட்+2. அதை மூடிவிட்டுப் பெட்டியில் மறுபடி அழுத்தினேன். 'ஆல்ட்+2' என்று விழுந்தது. மாற்றுவிசையை வேறொன்றுக்கு நகர்த்த இரண்டு நிமிடம் ஆகவில்லை. "சொல்லியிருக்கணும்க்கா" என்று அவள் வருத்தப்பட்டாள். அவள்மேல் தவறில்லை. ஒரு கணினியில் இரண்டு பேர் இரண்டு பழக்கத்தோடு வேலை செய்தால் இது நடக்கத்தான் செய்யும்.

விரல் அழுத்துகிற விசை நேரே நாம் பார்க்கிற செயலிக்குப் போய்விடுவதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. விசைப்பலகை விண்டோஸிடம் கொடுக்கிறது. 'இந்தச் சேர்க்கை எனக்கு' என்று முன்கூட்டியே பதிந்துவைத்த செயலி ஏதாவது இருந்தால், விண்டோஸ் அதனிடம் கொடுத்துவிடும். முதலில் பதிந்தவருக்குத்தான் அது, பின்னால் வருகிற செயலி கேட்டாலும் கிடைக்காது. இன்னும் சில செயலிகள் பதிவுகூடச் செய்யாமல், ஓடிவரும் விசைகளை நடுவிலேயே கவனித்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் வேர்டுக்கோ எக்செல்லுக்கோ வந்து சேரும்.

என் அப்பா தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். பால் பிடிக்கிற மங்கில் பால் இல்லையென்றால் மரத்தைக் குறை சொல்ல மாட்டார். வெட்டுக்கோட்டிலிருந்து விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கி வருவார். பால் பட்டை ஓரமாக வழிந்து போயிருக்கிறதா, தகரம் சரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நானும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன், விரலிலிருந்து. அதற்கு முன் நாலு கேள்வி. ஒரே ஒரு ஷார்ட்கட்டா, எல்லாமுமா? ஒரே செயலியிலா, எங்கேயுமா? அதே விசை வலது பக்கத்திலும் இருக்கிறதே, அது வேலை செய்கிறதா? கடைசியாக நன்றாக இருந்த நாளுக்குப் பிறகு இந்தக் கணினியில் புதிதாக என்ன வந்தது? நாலாவது கேள்விக்கு முதலில் எல்லாரும் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் பேரன் போட்ட விளையாட்டு வெளியே வரும்.

வலது பக்கம் என்று சொன்னேனே, அதில் பாதிக் கோளாறு தெரிந்துவிடும். கண்ட்ரோல் விசை இரண்டு இருந்தும் நாம் தேய்ப்பதெல்லாம் இடது பக்கத்தைத்தான். வெட்ட, நகலெடுக்க, ஒட்ட, செய்ததைத் திரும்பப்பெற என்று எக்ஸ், சி, வி, இசட் நாலும் கீழ்வரிசையில் இடது ஓரமாகப் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே இந்த நாலும் இப்படித்தான். இடது கை இதைப் பார்த்துக்கொள்ள, வலது கை மவுஸில் இருக்கும். வசதிதான், ஆனால் இடது கண்ட்ரோல்தான் முதலில் தேயும். என் கடையில் இரண்டு விசைப்பலகைகள் அப்படிப் போயின. ஒன்று தேய்ந்து, ஒன்று தே தாரிக் என்கிற பால் டீ ஊற்றி. இனிப்புப் பால் காய்ந்தால் விசைக்கடியில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஊற்றின உடனே வயரைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட வேண்டும். மடிக்கணினியென்றால் மின்சாரத்தை நிறுத்தி அணைத்துவிட வேண்டும், 'இன்னும் ஒரு வரி' என்று உட்காரக் கூடாது.

விசை உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க விண்டோஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடி இருக்கிறது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். சேர்த்து அழுத்துவதே ஓடாதபோது தேடும் பெட்டியில் 'ஓஎஸ்கே' என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினாலும் வரும். இப்போது கையிலிருக்கும் விசைப்பலகையில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள், திரையில் அந்த விசை ஒளிர வேண்டும். ஒளிரவில்லையென்றால் கோளாறு கையிலிருப்பதில்தான், புதிதாக வாங்கலாம். ஒளிர்ந்தால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அந்த 45 வெள்ளியைப் போட்ட இரவில் இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் போதும்.

இடது கண்ட்ரோல் செத்துப்போய் வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார் என்றால் பழைய வழி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஷிஃப்ட்+இன்சர்ட் அழுத்தினால் ஒட்டும், வலது கண்ட்ரோல்+இன்சர்ட் நகலெடுக்கும். ஷிஃப்ட்+டெலீட் எழுத்தை வெட்டி எடுக்கும். இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆவணத்துக்குள்தான் அது வெட்டுதல். கோப்புகள் அடுக்கியிருக்கும் ஜன்னலில் அதையே அழுத்தினால் கோப்பு குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் நிரந்தரமாக அழிந்துவிடும்.

விசை ஒளிர்ந்து அணையாமல் அப்படியே நிற்கிறதா? அது வேறு கோளாறு. கண்ட்ரோல் அழுத்தப்பட்டே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு அடையாளம் உண்டு. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் பெரிதாவதும் சிறிதாவதுமாக இருக்கும். ஒரு கோப்பைச் சொடுக்கினால் முன்பு சொடுக்கியதும் சேர்ந்தே தேர்வாகும். அண்ணன் மகன் தொலைவிலிருந்து என் கணினிக்குள் வந்து வேலை பார்த்துவிட்டுப் போன நாட்களில் இது நடந்திருக்கிறது. அங்கே அழுத்திய விசை விடுபட்ட செய்தி இங்கே வந்து சேராமலே இணைப்பு அறுந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் விசை என்று இரண்டு பக்கத்திலும் உள்ளதை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கென்றே வருகிற கோளாறு ஒன்று உண்டு. நான் ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கிற அஞ்சல் முறையில் அடிப்பவள், அந்தப் பெண் தமிழ் 99. இரண்டும் இப்போது விண்டோஸிலேயே கிடைக்கின்றன, தனிச் செயலிகூட வேண்டாம் என்று ஆல்ட்+2 விவகாரத்துக்குப் பிறகு அப்படியே மாற்றிக்கொண்டோம். ஆனால் விண்டோஸில் மொழி மாற இடது ஆல்ட்+ஷிஃப்ட், ஒரே மொழிக்குள் விசை அமைப்பு மாற கண்ட்ரோல்+ஷிஃப்ட் என்று வழக்கமாக வைத்திருக்கும். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்க, கண்ட்ரோல்+ஷிஃப்டோடு மூன்றாவதாக ஒரு விசை உண்டு. முதல் இரண்டை அழுத்திவிட்டு மூன்றாவதைத் தேடுவதற்குள் விரலை எடுத்துவிட்டால், எழுத்து பெரிதாவதற்குப் பதில் அஞ்சல் போய்த் தமிழ் 99 வந்திருக்கும். அடுத்து அடிக்கிற வரி முழுக்கத் தாறுமாறு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ் போனால் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' இருக்கிறது. அங்கே அந்த இரண்டு சேர்க்கையையும் எடுத்துவிட்டோம். மொழி மாற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் மட்டும் போதும், அது எதனோடும் மோதுவதில்லை.

அதே பக்கத்தில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளும் ஒரு கட்டமும் உண்டு. அது தேர்வாகியிருந்தால் வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று நிற்கும். 'அங்கே ஓடுது, இங்கே ஓடலை' என்று வருகிற புகாரில் பாதி இதுதான். செயலிகளும் இரண்டு விதம். சில, விசையின் இடத்தைப் பார்க்கும், அதற்குத் தமிழ் போட்டிருந்தாலும் கவலையில்லை. சில, அந்த விசை தருகிற எழுத்தைப் பார்க்கும். படம் வரைகிற செயலிகளில் ஒற்றை எழுத்தை அழுத்திக் கருவியை மாற்றுவோமே, அங்கே தமிழ் அமைப்பில் இருந்தால் சில நேரம் ஒன்றும் அசையாது. ஆங்கிலத்துக்கு மாறி ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். டியூஷன் பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் எஃப்2, எஃப்5 அழுத்தினால் ஒலியும் வெளிச்சமும் கூடிக் குறையும். மேல்வரிசை அதற்கென்று மாறியிருக்கிறது, பல கணினிகளில் எஃப்என்+எஸ்கேப் அழுத்தினால் திரும்பிவிடும். விளையாட்டுக்கென்று விற்கும் விசைப்பலகைகளில் விண்டோஸ் விசையையே பூட்டிவைக்க ஒரு விசை இருக்கும், நடு விளையாட்டில் தவறி அழுத்தாமல் இருப்பதற்காக. எக்செல்லில் ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் வரைபடம் வர வேண்டும், வராமல் திரையைப் படம் எடுக்கிறதென்றால் விளையாட்டோடு வந்த பதிவுச் செயலி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. விண்டோஸ் விசையோடு சேர்ந்த ஷார்ட்கட்டுகள் மட்டும் மொத்தமாக நின்றால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜருக்குள் போய் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினி முழுவதையும் மூடித் திறக்க வேண்டாம்.

வேர்டுக்குள்ளேயேதான் கோளாறு, விசை பெட்டியில் விழுகிறது ஆனால் வேறு கட்டளைக்குப் போகிறது என்றால், அதே கஸ்டமைஸ் ஜன்னலில் 'ரீசெட் ஆல்' இருக்கிறது. அதற்கும் அடங்காதபோது, வேர்டின் அமைப்பையெல்லாம் வைத்திருக்கும் 'நார்மல்' என்ற டெம்ப்ளேட் கோப்பின் பெயரை வேர்டை மூடிவிட்டு மாற்றிவைத்தால், அடுத்த தடவை வேர்டு புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். பெயரைத்தான் மாற்ற வேண்டும், அழிக்கக் கூடாது. நீங்கள் எழுதிவைத்த மேக்ரோக்கள் (ஒரே தட்டில் ஓடும் கட்டளைத் தொகுப்புகள்) அதற்குள்தான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு விஷயத்தில் நான் தவறு செய்தேன். அதை கிராணி ஐயாதான் எனக்குப் புரியவைத்தார்.

ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். தெரியாமல் 'ஆம்' என்று விட்டால் ஷார்ட்கட்டுகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வரும், அதில் வேகமாகத் தட்டுகிற விசையெல்லாம் விழாது. இரண்டையும் தொல்லை என்று நினைத்து, கடையின் மூன்று கணினிகளிலும் அந்தக் குறுக்குவழியையே அணைத்து வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிராணி ஐயா தோட்டத்து ஆபீஸில் 30 வருடம் கணக்கு எழுதியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்ட குரல் இன்னும் அப்படியே கணீரென்று இருக்கும். வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கோயில் கமிட்டிக்குச் செயலாளர், கூட்டக் குறிப்பு, நோட்டீஸ் எல்லாம் வலது கை ஒன்றாலேயே வீட்டில் அடித்துக் கொண்டுவருவார். ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் பி எதுவும் ஓடலைம்மா. நேத்து ராத்திரி அடிச்சதெல்லாம் சேவ் ஆகாமப் போச்சு" என்றார். நான் அழுத்தினேன், இரண்டும் ஓடின. "எனக்கு ஓடுதே ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் வலது கையை விசைப்பலகைமேல் வைத்தார். சுண்டுவிரல் வலது கண்ட்ரோலில். ஆள்காட்டி விரல் எஸ்ஸை எட்டவில்லை. எட்டவே முடியாது.

அவருக்கு ஸ்டிக்கி கீஸ் தொல்லையில்லை, இழந்த கைக்கு மாற்று. கண்ட்ரோலைத் தட்டிவிட்டு விரலை எடுத்து, பிறகு எஸ்ஸைத் தட்டினால் போதும், இரண்டையும் சேர்த்து அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். அதைத்தான் அவர் பழகியிருந்தார். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் அதில் விளையாடியிருக்கிறான். ஸ்டிக்கி கீஸுக்குள் ஒரு கட்டம் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட் மாதிரியான விசையோடு இன்னொன்றை யாராவது ஒரே நேரத்தில் அழுத்தினால் தானாகவே அணைந்துவிடும் என்பது அது. பேரன் அழுத்தியிருக்கிறான், அது அணைந்திருக்கிறது. நான் சோதித்த விதத்திலும் கோளாறு தெரிந்திருக்கவே முடியாது, நான் இரண்டு கையால் அல்லவா அழுத்திப் பார்த்தேன்!

அதற்குப் பிறகு யார் கணினியைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர்களையே அழுத்திக் காட்டச் சொல்கிறேன். எந்த விரல், எந்தப் பக்கத்து விசை, எவ்வளவு நேரம் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஐயாவுக்குச் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்ட் போய் ஸ்டிக்கி கீஸைப் போட்டுக்கொடுத்தேன். தானாக அணைகிற கட்டத்தை எடுத்தேன். ஐந்து தடவை ஷிஃப்ட் தட்டும் குறுக்குவழியை விட்டுவைத்தேன், மறுபடி அணைந்தாலும் அவரே போட்டுக்கொள்ளலாம். விசை பிடித்துக்கொண்டதும் ஒரு சின்ன ஒலி வரும்படி வைத்தேன், கண்ணாடி போட்டும் அவருக்குத் திரையின் ஓரம் சரியாகத் தெரியாது. கடையின் மூன்று கணினிகளிலும் அணைத்து வைத்ததை அன்றைக்கே திரும்பத் திறந்துவிட்டேன்.

போன வாரம் ஆடித் திருவிழா நோட்டீஸைக் கடைசியாக ஒரு தடவை திருத்த, முன்மேசைக் கணினியில் உட்கார்ந்தார். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினார். உபயக்காரர் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, போட்டார். கண்ட்ரோலைத் தட்டினார், ஒலி வந்தது. விரலை எடுத்து, நிதானமாக நகர்த்தி, எஸ். மறுபடி கண்ட்ரோல், பிறகு பி. "அறுபது காப்பிம்மா" என்றார். பிரிண்டர் முதல் தாளை இழுத்தது.